அக்டோபர் பதின்மூன்று, பென்சிலில்

டன்ஹோப், நெப்ராஸ்கா
27 நவம்பர் 1983

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி ஆர்லன் எழுதுவது. நான் நலம். பனி வரப்போவதை வானொலிக்கு முன்பே என் இடது முழங்கால் சொல்லிவிடுகிறது, மற்றபடி குறையில்லை. உங்கள் ரத்த அழுத்தம் எப்படி? அண்ணி கோரின் நலமா? நன்றிநாளன்று அண்ணி செய்யும் கிரான்பெர்ரி ஜாமை நினைத்துக்கொண்டு, கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்தில் நானும் காவலாளியும் வான்கோழி சாப்பிட்டோம்.

செய்தி ஒன்று உண்டு. எங்கள் கல்லூரி ஃபுட்பால் அணி தொடங்குகிறது. தொண்ணூறு வருஷம் பெண்களுக்கு ஆசிரியப் பயிற்சி கொடுத்த இடம் இது. எட்டு வருஷத்துக்கு முன் ஆண்களுக்கும் கதவைத் திறந்தார்கள். அந்த வழியாகக் காற்றுதான் அதிகம் வந்தது. ஆலோசகர் ஒருவர் மூன்று நாள் தங்கி, ஃபுட்பால் இருந்தால் பையன்கள் வருவார்கள் என்று நாற்பது பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பயிற்சியாளர் நான்தான். இங்கே உடற்பயிற்சி வகுப்பு எடுப்பவன் நான் ஒருவனே என்பதால் போட்டி கடுமையாக இல்லை.

கல்லூரித் தலைவர் டாக்டர் அப்டன் பைபிளின் பழைய ஏற்பாட்டில் அறிஞர். கூப்பிட்டுக் கேட்டார்:

"பதினோரு பேர்தானே ஆடறாங்க? நீங்க எதுக்கு ஐம்பது பேர் கேக்கறீங்க?"

"அடிபட்டவங்களுக்குப் பதிலா ஆள் வேணும் சார்."

"அடிபடாம ஆடச் சொல்லிக் கொடுங்களேன், ஆர்லன்."

பிறகு நிபந்தனையைச் சொன்னார். "முதல் வருஷமே பேர் தெரிஞ்ச காலேஜ் ஒண்ணு நம்ம மைதானத்துக்கு வரணும். ஒரே ஒரு ஆட்டம் போதும். யாரும் வரலேன்னா அறங்காவலருங்க இதை இழுத்து மூடிடுவாங்க."

கேல்டர் கல்லூரியின் ஆட்ட அட்டவணை முப்பது வருஷமாக உங்கள் கையில் இருக்கிறது. இந்த வருஷம் நீங்கள் இங்கே வாருங்கள். அடுத்த வருஷம் நாங்கள் அங்கே வருகிறோம். எல்லாக் கல்லூரிகளும் செய்துகொள்கிற ஏற்பாடுதானே. அம்மாவின் அடக்கத்துக்குப் பிறகு நாமும் பார்த்துக்கொள்ளவில்லை. ஆறு வருஷம் ஆகிறது.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள். பதில் போடுங்கள்.

தம்பி,
ஆர்லன்


கேல்டர் கல்லூரி, விளையாட்டுத் துறை
ஒஹையோ
9 டிசம்பர் 1983

அன்புள்ள ஆர்லன்,

நலம். ரத்த அழுத்தம் மருத்துவர் விரும்பும் அளவுக்குக் கீழ்ப்படிகிறது. கோரின் உன்னை விசாரித்தாள். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் அட்டவணை 1990 வரை நிறைந்துவிட்டது. உனக்கு 14 செப்டம்பர் 1991, சனிக்கிழமையைத் தர முடியும். தம்பி என்பதால் இந்தச் சலுகை. அன்று உனக்கு அறுபத்தைந்து வயது, எனக்கு எழுபது.

நீ இந்தத் தொழிலுக்குப் புதியவன். ஆகவே ஒன்று தெரிந்துகொள். என் மேஜையில் ஒரு புத்தகம் இருக்கிறது. வாய்வார்த்தையாக ஒத்துக்கொண்ட ஆட்டத்தை அதில் பென்சிலில் எழுதுவேன். இரண்டு கல்லூரியும் கையெழுத்துப் போட்ட பிறகு அதன்மேல் மையால் எழுதுவேன். பென்சில் மரியாதைக்கு, மைதான் ஆட்டம். முப்பது வருஷத்தில் மையை நான் அடித்ததில்லை.

பல கல்லூரிகள் உன்னைத் தங்கள் ஊருக்கு அன்போடு அழைக்கும். அதை அன்பு என்று எடுத்துக்கொள்ளாதே.

ஆரோக்கியமாக இரு.

வில்லிஸ் ஹூக்ஸ்ட்ரா
விளையாட்டுத் துறை இயக்குநர்
(தட்டச்சு: டோரிஸ்)


டன்ஹோப்
15 ஜனவரி 1984

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், நலமறிய ஆவல். ஒத்தடம் கொடுத்தேன்; முழங்கால் வெந்தது, வலி அப்படியே இருக்கிறது. அண்ணிக்கு என் வணக்கம்.

நீங்கள் சொன்னபடியே ஆயிற்று. ஐந்து கல்லூரிகள் அழைத்திருக்கின்றன. ஐந்தும் தங்கள் பழைய மாணவர்கள் வீடு திரும்பும் விழாவுக்குத்தான். வருஷத்துக்கு ஒரு தடவை ஊர் திரும்புகிறவர்கள் தோல்வியைப் பார்த்துவிட்டுப் போகக் கூடாது அல்லவா, அதற்கு எங்களைவிடப் பொருத்தமான விருந்தாளி யார்? ஒரு கல்லூரியிலிருந்து தொலைபேசியில் பேசினார்கள்.

"கோச், உங்க அணியைப் பத்தி ரொம்ப நல்லாக் கேள்விப்பட்டோம்."

"அணியே இன்னும் இல்லையே சார்."

"அதைத்தான் கேள்விப்பட்டோம்."

நாங்கள் ஐந்து ஊர்களில் மற்றவர்கள் வீடு திரும்புவதைப் பார்க்கப் போகிறோம். எங்களுக்கென்று ஒரு விழா வைக்கலாம் என்றால், திரும்பி வருவதற்கு எங்களிடம் ஒரு பழைய ஆட்டக்காரன்கூட இல்லை. இங்கே வந்து ஆட யாரும் தயாரில்லை. மாநிலச் சிறைச்சாலையின் அணி ஒன்று சந்தோஷமாகச் சம்மதித்தது. ஆனால் அவர்கள் வெளியூர் ஆட்டத்துக்கு வருவதில்லை.

13 அக்டோபர், சனிக்கிழமையை எங்கள் மைதானத்துக்காக ஒதுக்கி வைத்திருக்கிறேன். அண்ணா, 1991 வரை என்னை இங்கே வைத்திருக்க மாட்டார்கள். ஏதாவது செய்யுங்கள்.

அன்புடன்,
ஆர்லன்


கேல்டர் கல்லூரி, விளையாட்டுத் துறை
20 பிப்ரவரி 1984

அன்புள்ள ஆர்லன்,

நலமாக இருக்கிறேன். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

அக்டோபரில் எங்களோடு ஆட வேண்டிய ஒரு கல்லூரி ஃபுட்பாலையே கைவிட்டுவிட்டது. அந்தப் பணத்தில் நீச்சல் குளம் கட்டுகிறார்களாம். தண்ணீருக்குப் பழைய மாணவர்கள் கைதட்டுவார்களா என்று அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. ஆக, 13 அக்டோபர் காலி. கேல்டர் உன் ஊருக்கு வரும். அடுத்த வருஷம் நீ இங்கே வரவேண்டும். புத்தகத்தில் பென்சிலில் எழுதிவிட்டேன். ஒப்பந்தம் மார்ச் நடுவில் வரும்.

இப்போதெல்லாம் புத்தகத்தைச் சனி ஞாயிறுகளில் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கிறேன். வீடு அமைதியாக இருப்பதால் வேலை நன்றாக ஓடுகிறது.

குளிரில் தலைக்குத் தொப்பி போட்டுக்கொள்.

வில்லிஸ்
(தட்டச்சு: டோரிஸ்)


டன்ஹோப்
4 மார்ச் 1984

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து முழங்கால் வலிக்கவில்லை. நீங்களும் அண்ணியும் சுகம்தானே? போன கடிதத்தில் அண்ணியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

டாக்டர் அப்டனிடம் சொன்னேன். "கேல்டர் நல்ல காலேஜா?" என்று கேட்டார். "தொண்ணூறு வருஷமா ஆடறாங்க சார்" என்றேன். "அப்போ களைச்சிருப்பாங்க" என்றார்.

ஒரு வேடிக்கை. நேற்று வாபர்ன் வேளாண் கல்லூரியின் பயிற்சியாளர் கூப்பிட்டார். நல்ல பழைய அணி. அவர்களுக்கும் அதே 13 அக்டோபர்தான் காலியாம். எங்கள் ஊருக்கே வருகிறார்களாம்.

"அந்தத் தேதி போயிடுச்சு. எங்கண்ணன் வர்றார்" என்றேன்.

"காகிதம் கையில இருக்கா?"

"அண்ணன்கிட்ட யாராவது காகிதம் கேப்பாங்களா?"

"எங்கண்ணன் என் ஏணியை வாங்கிட்டுப் போய் நாலு வருஷமாச்சு, கோச். பாத்துக்கோங்க."

சிரித்துவிட்டு வைத்துவிட்டேன். ஒப்பந்தத்தை எதிர்பார்த்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆர்லன்


14, எல்ம் தெரு
கேல்டர், ஒஹையோ
2 மே 1984

அன்புள்ள ஆர்லன்,

பதில் தாமதமாகிவிட்டது. நலம். என் கையெழுத்தைப் படிக்கச் சிரமமாக இருந்தால் மன்னித்துக்கொள். கை பழக்கத்தை விட்டுவிட்டது.

இங்கே வசந்தம். இன்று புதன்கிழமை, காலை பத்து மணிக்குக் கூரையோரத் தகர வாய்க்காலில் அடைந்திருந்த இலைகளை வாரினேன். நேற்று புல் வெட்டினேன். நாளைக்கும் வெட்டலாம் என்றால் அது வளர மறுக்கிறது. எதிர்வீட்டு நாய்க்கு என்னைப் பகலில் பார்த்துப் பழக்கமில்லை. இப்போதுதான் குரைப்பதை நிறுத்தியிருக்கிறது.

ஒப்பந்தத்தில் சிறு தாமதம். அலுவலகங்கள் அப்படித்தான். நீ பையன்களை ஓடவிடு. மூச்சுத் தாக்குப்பிடிக்கிறவன்தான் ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் நிற்பான்.

உன் சாப்பாடு எப்படி? நான் டப்பா சூப்பில் பதினோரு வகை இருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறேன்.

வில்லிஸ்


டன்ஹோப்
3 ஜூன் 1984

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். உங்கள் கையெழுத்தை நன்றாகவே படிக்க முடிந்தது. சிறுவயதில் என் வீட்டுப்பாடக் கணக்கை நீங்கள் போட்டுக் கொடுத்த அதே கையெழுத்து. டோரிஸுக்கு உடம்பு சரியில்லையா? அண்ணி ஊரில் இல்லையா? டப்பா சூப் என் சாப்பாடு. உங்களுக்கு எப்படி வந்தது?

முப்பத்துநான்கு பையன்கள் சேர்ந்திருக்கிறார்கள். ஒருவன் ஹெல்மெட்டைப் பின்பக்கமாக மாட்டிக்கொண்டு, இருட்டாக இருக்கிறது என்று புகார் சொன்னான். அவனைத் தடுப்பு வரிசையில் நிறுத்தியிருக்கிறேன். அங்கே பார்ப்பதற்கு அதிகம் ஒன்றுமில்லை.

சுவரொட்டி அச்சாகிவிட்டது. "கேல்டர் வருகிறது." முடிதிருத்தும் கடையிலும் தானியக் கிடங்கிலும் ஒட்டியாயிற்று. ஒப்பந்தத்தை மட்டும் அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
ஆர்லன்


டன்ஹோப்
12 ஆகஸ்ட் 1984

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமா? ஜூன் கடிதத்துக்குப் பதில் இல்லை. வீட்டுக்கு நாலு தடவை தொலைபேசியில் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதனால் இதை அலுவலக முகவரிக்கு அனுப்புகிறேன். ஒப்பந்தம் வரவில்லை. அறங்காவலர்கள் வாரம் ஒருமுறை கேட்கிறார்கள். வாபர்ன் கல்லூரி வேறு இடத்தில் ஒத்துக்கொண்டுவிட்டது. இனி நீங்கள்தான்.

ஒரு வரி போதும்.

ஆர்லன்


கேல்டர் கல்லூரி, விளையாட்டுத் துறை
28 ஆகஸ்ட் 1984

மதிப்புக்குரிய திரு. ஆர்லன் ஹூக்ஸ்ட்ரா அவர்களுக்கு,

தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறோம். இத்துறைக்கு வந்த தங்கள் 12 ஆகஸ்ட் கடிதத்தைத் தனிப்பட்டதெனத் தெரியாமல் பிரித்துவிட்டோம். வருந்துகிறோம், இத்துடன் திருப்பி அனுப்புகிறோம். திரு. வில்லிஸ் ஹூக்ஸ்ட்ராவின் பணி 9 மார்ச் அன்று, துறை மறுசீரமைப்பின்போது, பாராட்டுகளுடன் நிறைவுற்றது.

தாங்கள் குறிப்பிடும் ஆட்டம் பற்றி எங்களிடம் ஒப்பந்தம் ஏதும் இல்லை. பழைய புத்தகத்தில் 13 அக்டோபருக்கு எதிரே அழிக்கப்பட்ட பென்சில் எழுத்து உள்ளது, படிக்க இயலவில்லை. அன்று எங்கள் வீடு திரும்பும் விழா நடைபெறுகிறது.

தங்கள் புதிய அணியை மிகவும் மதிக்கிறோம். 18 செப்டம்பர் 1993 தற்சமயம் காலியாக உள்ளது.

தங்கள் உண்மையுள்ள,
ரஸ்ஸல் டெவிட்
இயக்குநர்
(தட்டச்சு: டோரிஸ்)


டன்ஹோப்
24 செப்டம்பர் 1984

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம்தானே? பதில் எழுத நேரமில்லாமல் இருந்திருக்கும், புரிகிறது. ஒப்பந்தத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நம் இருவருக்குள் காகிதம் எதற்கு?

இரண்டு ஆட்டம் ஆடிவிட்டோம். முதலாவதில் 54-0. போன சனிக்கிழமை 48-3. அந்த மூன்று புள்ளிகளுக்கு எங்கள் பையன்கள் எழுந்து நின்று அழுதார்கள். எதிரணிப் பழைய மாணவர்கள்கூடக் கைதட்டினார்கள். இரண்டு ஊரிலும் நல்ல உபசாரம். வீடு திரும்பியவர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு நின்றார்கள். நாங்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனோம். பஸ்ஸை நான்தான் ஓட்டுகிறேன். பின்னால் எல்லோரும் தூங்கிவிடுகிறார்கள். அறுபது மைலுக்கு ஒரு விளக்கு வருகிறது.

13 அக்டோபர் பற்றி. பகல் ஒரு மணிக்கு ஆட்டம். சுவரொட்டியை நான் கிழிக்கவில்லை. எதிரணி பெஞ்சுக்குக் கேல்டரின் பச்சையைப் பூசியிருக்கிறேன். குடிதண்ணீரும் துண்டுகளும் வைத்திருப்பேன். வழி உங்களுக்குத் தெரியாது: நெடுஞ்சாலையிலிருந்து தண்ணீர்த் தொட்டி தெரியும்; அதைப் பார்த்துக்கொண்டே வந்தால் மைதானம்.

வானிலை நன்றாக இருக்கும் என்று முழங்கால் சொல்கிறது.

தம்பி,
ஆர்லன்


டன்ஹோப்
15 அக்டோபர் 1984

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகமா? இங்கே சுகம்.

ஆட்டம் நடந்தது. அதற்கு மூன்று நாள் முன்புதான் டாக்டர் அப்டன் வந்து கேட்டார்.

"கேல்டர் அணி வரலேன்னு கேள்விப்பட்டேனே. அப்போ யாரோட ஆடப்போறோம்?"

"நம்மளோடதான் சார். பதினேழு பேர் வெள்ளை, பதினேழு பேர் பச்சை."

"நம்ம காலேஜ் ஜெயிக்கிறது உறுதியா?"

"உறுதி சார்."

"இதை முதல்லயே செஞ்சிருக்கலாமே! அந்த ரெண்டு ஊருக்கும் எதுக்குப் போனோம்?"

நானூற்றுப் பன்னிரண்டு பேர் வந்தார்கள், முடிதிருத்துபவரின் குடும்பத்தைச் சேர்த்து. வெள்ளை அணி 21, பச்சை அணி 14. கல்லூரிச் செய்திமடல் "டன்ஹோப் முதல் வெற்றி, 21-14" என்று போட்டுவிட்டது. யாரை வென்றோம் என்று அதில் இல்லை; யாரும் கேட்கவுமில்லை.

ஆட்டம் முடிந்ததும் பழக்கதோஷத்தில் எதிரணிப் பயிற்சியாளரோடு கைகுலுக்க மைதான நடுவுக்கு நடந்தேன். அங்கே யாரும் இல்லை என்பது பாதி வழியில்தான் உறைத்தது. திரும்பிப் போனால் எல்லோரும் பார்ப்பார்கள். ஆகவே நடுவில் போய்ச் சற்று நேரம் நின்றேன்.

அங்கிருந்துதான் பார்த்தேன். விருந்தாளி அணிக்கான கேலரியில், மேல் வரிசையில் ஒருவர். பச்சைத் தொப்பி, பக்கத்தில் பிளாஸ்க். அவரைத் தவிர அந்தப் பக்கம் ஓர் ஆளில்லை. நான் அங்கே போய்ச் சேர்வதற்குள் எழுந்து போய்விட்டார். வாகன நிறுத்தத்திலிருந்து ஒஹையோ எண் போட்ட கார் ஒன்று கிளம்பியதாகக் காவலாளி சொன்னான்.

இன்று காலை அறங்காவலர் கூட்டத்தில் டாக்டர் அப்டன் நேராகக் கேட்டார்: "கேல்டர்லேர்ந்து வந்தாங்களா, இல்லையா?"

"வந்தாங்க சார்."

"நானும் பாத்தேன். பச்சைத் தொப்பி" என்று சொல்லிவிட்டு, கேல்டர் வந்திருந்ததாகக் குறிப்பில் எழுதச் சொன்னார். பழைய ஏற்பாடு இரண்டு சாட்சி கேட்குமாம்; அதன் அறிஞருக்கு ஒரு சாட்சி போதுமானதாக இருக்கிறது. இன்னொரு வருஷம் கொடுத்திருக்கிறார்கள்.

கல்லூரி விளையாட்டுச் சங்கத்துக்கு அனுப்பும் படிவத்தில் பார்வையாளர் எண்ணிக்கை கேட்கிறார்கள். உள்ளூர் அணிக்கு 412, விருந்தாளி அணிக்கு 1 என்று நிரப்பியிருக்கிறேன். சரிதானே?

ஆர்லன்


14, எல்ம் தெரு
கேல்டர்
21 அக்டோபர் 1984

அன்புள்ள ஆர்லன்,

சரிதான். படிவத்தை அனுப்பிவிடு.

இரண்டு நாள் ஓட்டி வந்தேன். தண்ணீர்த் தொட்டி நீ சொன்னபடியே தெரிந்தது. நீ நடுவில் வந்து நின்றதைப் பார்த்தேன். இறங்கி வந்திருக்க வேண்டும். ஆனால் கைகுலுக்க வருகிற பயிற்சியாளனுக்குப் பின்னால் ஓர் அணி நடந்து வரும்; என் பின்னால் காலி கேலரிதான் இருந்தது. அதை இழுத்துக்கொண்டு உன் ஊர் முன்னால் எப்படி நடப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

உன் கடிதத்தை டெவிட் பிரித்ததைப் பற்றி டோரிஸ் கடைத்தெருவில் பார்த்தபோது சொன்னாள். ஆக, செப்டம்பரில் எழுதும்போதே உனக்குத் தெரியும். தெரியாதவன்போல எழுதியதற்கு நன்றி. புத்தகத்தை மார்ச் ஒன்பதாம் தேதி வாங்கிக்கொண்டார்கள். அதற்குள் மையால் எழுத வாய்க்கவில்லை. உன்னிடம் சொல்லியிருந்தால் வாபர்னை நீ பிடித்திருப்பாய். ஒவ்வொரு வாரமும் சொல்ல நினைத்தேன், ஒவ்வொரு வாரமும் புல் வெட்டினேன். தொலைபேசி அடித்தபோது பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தேன். நாலு தடவை என்று நீ எழுதியிருந்தாயாம். ஆறு.

கோரின் எப்படி இருக்கிறாள் என்று கடிதத்துக்குக் கடிதம் கேட்டாய். ஜனவரியிலிருந்து அரிசோனாவில், அவள் தங்கை வீட்டில். நன்றாக இருக்கிறாள் என்று கேள்வி.

உன் பச்சை அணியின் இடது ஓரத்தில் நிற்பவன் பந்து வருவதற்கு முன்பே ஓடிவிடுகிறான். திருத்து.

முப்பது வருஷம் மற்றவர்களின் சனிக்கிழமைகளை நிரப்பிக்கொண்டிருந்தேன். இப்போது என்னுடையவை எல்லாம் காலி; 1991 வரை போக வேண்டியதில்லை. நான் உன் ஊருக்கு வந்துவிட்டேன். ஏற்பாட்டின்படி இனி உன் முறை. நன்றிநாளுக்கு மறுநாள் கிளம்பினால் 24 நவம்பர், சனிக்கிழமை இங்கே சேரலாம். சூப் பதினோரு வகை இருக்கிறது, நீயே தேர்ந்தெடுக்கலாம்.

சமையலறை நாட்காட்டியில் உன் பெயரை எழுதிவிட்டேன். வீட்டில் பென்சில் இருக்கிறது. மையால்தான் எழுதினேன்.

அண்ணன்,
வில்லிஸ்